குக்கூ மெட்டு: லாரல் – ஹார்டி படங்களின் வரவிசை பற்றிச் சில எண்ணங்கள்

சங்க மலரில் போய்ச் சிரிப்புப் படத்து மெட்டைப் பற்றி ஆராய்ச்சியா என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மெய்ப்பாடு எட்டு என்று எண்ணத் தொடங்கும் தொல்காப்பியர் முதலில் வைப்பது நகையைத்தான். அழுகைகூட அதற்கு அப்புறம்தான் வருகிறது. நாம்தான் பிற்காலத்தில் சிரிப்பைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டோம்.

அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் அவர். எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் பேதைமையும் மடனும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை என்று நான் வெகு நாள் நினைத்ததுண்டு. உரையாசிரியர்களைப் பொறுமையாகப் படித்தால் வேறுபாடு தெரியும். (இளம்பூரண அடிகளை எங்கள் சமணத் துறவி என்று நாங்கள் உரிமை கொண்டாடுவோம். மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை.) பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே பிடித்துக்கொள்வது, பிடித்ததை விடாமலும் இருப்பது. ஒருவனுக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவன் மாதிரி நடப்பான். இன்னொருவன் சொன்னதைச் செய்வான், சொன்னதை மட்டுமே செய்வான். இந்த இருவரையும் ஒரு வண்டியில் பூட்டினால் என்ன நடக்கும்? அதுதான் ஆலிவர் ஹார்டியும் ஸ்டான் லாரலும். குண்டர் பேதைமை, ஒல்லியர் மடன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் இலக்கண நூல் ஹாலிவுட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது பாருங்கள்.

என் பேச்சு அவர்கள் நடிப்பைப் பற்றியது அல்ல. படம் தொடங்கும்போது, எழுத்துகள் வரும்போது, ஒரு மெட்டு வருமே, அதைப் பற்றியது. 'குக்கூ மெட்டு' என்றும் 'குயில்களின் நடனம்' என்றும் அதற்குப் பெயர். எண்பதுகளில் தூர்தர்ஷனில் இந்தப் படங்கள் வந்த காலத்தில் மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் டி.வி. இருந்தால் பத்து வீட்டுச் செருப்பு வாசலில் கிடக்கும். மெட்டு ஆரம்பித்ததுமே உள்ளே சிரிப்பு ஆரம்பித்துவிடும். திரையில் இன்னும் ஒருத்தரும் வரவில்லை, ஒன்றும் உடையவில்லை, யாரும் வழுக்கி விழவில்லை. ஆனாலும் சிரிப்பு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மறுநாள் அதை விசிலடித்துக்கொண்டே என் புடவைக் கடையைத் தாண்டிப் போவார்கள். பழக்கத்தினால் வந்த சிரிப்பு என்று சொல்லிவிடலாம். முதல் தடவை கேட்டவர்களும் சிரித்ததைப் பார்த்தவன் நான். ஆகையால் மெட்டுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. அது என்ன?

முதலில் அதன் சரித்திரம். மார்வின் ஹாட்லி என்பவர் 1905-இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர், பல வாத்தியம் தெரிந்தவர். கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டி என்ற ஊரில் ஹால் ரோச் என்பவருடைய படப்பிடிப்பு நிலையம் இருந்தது. அந்த வளாகத்துக்குள்ளேயே கே.எஃப்.வி.டி. என்ற சின்ன வானொலி நிலையம் ஒன்றும் இயங்கி வந்தது. மணிக்கு ஒரு தடவை நேரம் அறிவிக்க ஒரு ஒலி வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் கதவைத் திறந்துகொண்டு மரக்குயில் தலை நீட்டிக் கூவுமே, அந்தக் கூவலை வைத்து ஹாட்லி ஒரு சின்ன மெட்டுக் கட்டினார். நேரம் சொல்லும் மணிக்குப் பதில் அது, வேறு ஒரு நோக்கமும் இல்லை. ஸ்டான் லாரல் அதை வானொலியில் கேட்டார். 'இதை எங்கள் படத்துக்கு வைத்துக்கொள்ளலாமா' என்று ஹாட்லியிடம் கேட்டு வாங்கினார். 1930-இல் இரண்டு கிளாரினெட்டை மட்டும் வைத்து அது பதிவாயிற்று. 1935-இல் முழு வாத்தியக் குழுவை வைத்து மறுபடியும் பதிவு செய்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பேசாப் படம் பேசும் படமாக மாறி இரண்டு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இவர்களுடைய முதல் பேசும் படமே 1929-இல்தான். நம் 'காளிதாஸ்' 1931. பேச்சும் பாட்டும் வந்துவிட்டதே என்ற ஆர்வத்தில் உலகம் முழுக்க எல்லோரும் சத்தத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் மணி அடிக்கும் மெட்டு ஒன்றைக் காதில் வாங்கி, இது நாங்கள்தான் என்று கண்டுபிடித்தார். மெட்டைப் போட்டவர் ஹாட்லி என்றாலும், அதற்குள் இரண்டு மனிதர்கள் இருப்பதைக் கேட்டவர் லாரல். அந்தக் கேள்வி ஞானத்துக்கே தனி மரியாதை தர வேண்டும்.

லாரல் அதற்குத் தந்த விளக்கமும் பதிவாகியிருக்கிறது. மேலே போகும் மெட்டு ஹார்டி: மிடுக்கு, ஆடம்பரம், 'நான் வருகிறேன், வழி விடு' என்ற தோரணை. கீழே கூடவே வரும் துணை ஒலி லாரல்: இரண்டே சுரம், 'குக்-கூ', அதுவும் கொஞ்சம் சுருதி விலகி. மெட்டு எங்கே போனாலும் அது தன் இரண்டு சுரத்தை விடாது. இதைப் படித்தபோது எனக்கு நாதசுரக் கோஷ்டியில் ஒத்து ஊதுபவர்தான் ஞாபகம் வந்தார். பெரிய வித்வான் ராகத்தை அளந்துகொண்டிருப்பார், பக்கத்தில் ஒருவர் கன்னம் உப்ப ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார். அதை வைத்துத்தான் 'ஒத்து ஊதுகிறான்' என்று தமிழில் ஒரு வசையே உண்டாயிற்று. லாரல் ஒத்து ஊதுகிறவர்தான். ஆனால் ஒரு சுரத்துக்குப் பதில் இரண்டு சுரம் ஊதிவிடுகிற ஒத்துக்காரர். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வித்வானுடைய மிடுக்கு கலைவதற்கு அந்த இரண்டாவது சுரமே போதும்.

மேல் மெட்டு மட்டும் தனியாக வந்தால் பட்டாளத்து ஊதுகொம்பு மாதிரி இருக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள். கீழ் ஒலி மட்டும் தனியாக வந்தால் கடிகாரம், அதற்கும் சிரிக்க மாட்டார்கள். கோர்வைப் புடவை நெய்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் நெசவாளி ஒரு பக்கம், துணை ஆள் மறு பக்கம். இரண்டு நிறமும் கடிக்கிற அந்த இடத்தில்தான் புடவையின் விலை இருக்கிறது. இந்த மெட்டிலும் சிரிப்பு இருப்பது அந்தக் கடிக்கிற இடத்தில்.

இங்கே ஒரு மொழிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 'குயில்களின் நடனம்' என்று தமிழில் பெயர்த்தால் நமக்கு என்ன தோன்றுகிறது? மாந்தோப்பு, வசந்தம், இனிய குரல், பாரதியாரின் குயில் பாட்டு. நம் மரபில் குயில் என்றால் சங்கீதம். ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'குக்கூ' என்றால் மரை கழன்ற ஆசாமி. பறவையும் வேறு. ஒரே குடும்பம்தான், பிறர் கூட்டில் முட்டையிடும் குணமும் பொதுதான், ஆனால் கூவல் வேறு. பங்குனி பிறந்தால் இந்த மோதி பாக் வேப்ப மரங்களில் நம் குயில் கூவ ஆரம்பிக்கும். கவனித்துக் கேளுங்கள், அது ஒவ்வொரு கூவலுக்கும் மேலே மேலே ஏறிக்கொண்டு போய்ச் சட்டென்று நிறுத்தும். ஐரோப்பியக் குக்கூ மேல் சுரத்திலிருந்து கீழ் சுரத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். மறுபடியும் அதே. அதைக் கேட்க வேண்டுமானால் கோடைக் காலத்தில் இமயமலைப் பக்கம் போக வேண்டும். நம் குயிலுக்கு ஏக்கம் உண்டு. அந்தக் குக்கூவுக்கு ஏக்கமும் கிடையாது, முன்னேற்றமும் கிடையாது. அதனால்தான் கடிகாரக்காரன் அதைப் பிடித்தான், மணி ஒலிக்காக ஹாட்லியும் பிடித்தார். ஏறிக்கொண்டே போகும் நம் குயிலை வைத்து லாரலைக் காட்ட முடியாது. காதலனைக் காட்டலாம்.

கிளாரினெட் வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை என்பது என் எண்ணம். 1808-இல் அரங்கேறிய பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் ஓடைக்கரைப் பகுதி முடியும்போது மூன்று பறவைகள் கூவும். அதில் குக்கூவுக்கு அவர் கொடுத்த வாத்தியம் கிளாரினெட். 1886-இல் பிரெஞ்சுக்காரர் சேன்-சான்ஸ் விலங்குகளை வைத்து ஒரு இசைத் தொகுப்பு எழுதினார். அதில் காட்டு நடுவே குக்கூ கூவும் பகுதியில் இரண்டு பியானோ வாசித்துக்கொண்டே போகும், கிளாரினெட் வாசிப்பவர் ஆரம்பம் முதல் முடிவு வரை இரண்டே சுரத்தைத்தான் திரும்பத் திரும்ப ஊத வேண்டும். அவரும் ஒரு லாரல்தான். ஆக, மேல்நாட்டுச் செவிக்குக் கிளாரினெட்டில் இறங்கும் இரண்டு சுரம் என்றாலே குக்கூ. இந்தப் பழக்கம் ஹாட்லிக்குத் தெரிந்து வந்ததோ, காற்றில் வந்ததோ, 1930-இன் அந்த இரண்டு கிளாரினெட்டும் பெரிய பரம்பரையைச் சேர்ந்தவை. தில்லிக் கல்யாண ஊர்வலத்து பேண்டு வாஜாவில் வெயிலில் வேர்த்துக்கொண்டு கிளாரினெட் ஊதுகிறாரே ஒருவர், அவர் கையில் இருப்பதும் அதே வாத்தியம்தான்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் வருகிறேன். எனக்கு ஊர் வந்தவாசிப் பக்கம், கூத்து மண். செய்யாறு வட்டாரத்தில் புரிசை ஊர்க் கூத்துக்குப் பெரிய பேர். தெருக்கூத்தில் எந்த வேஷமும் சும்மா நடந்து வந்து நிற்காது. திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து வரவுப் பாட்டு. யார் வருகிறான், எப்பேர்ப்பட்டவன் என்பதை ஆள் தெரிவதற்கு முன்னால் மெட்டே சொல்லிவிடும். மெலட்டூர் பாகவத மேளாவில் கோணங்கி முதலில் வருவதும் பிரவேச தருவோடுதான். குறவஞ்சியிலும் கட்டியக்காரன் வரவு உண்டு. கோமாளிக்குத் தனி மெட்டு என்பது ஹாலிவுட் நமக்குக் கற்றுக்கொடுத்த சமாச்சாரம் இல்லை.

கூத்தில் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். ராஜா வேஷம் வந்து நின்று தன் பிரதாபத்தைப் பாடும். நாடு, படை, வீரம் எல்லாம் வரும். பக்கத்தில் கட்டியக்காரன் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை போடுவான். பெரும்பாலும் ஆமாம் போடுகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த ஆமாமில் ராஜாவின் கிரீடம் அரை அங்குலம் சாய்ந்துவிடும். கிரீடம் விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் கூத்து முடிந்துவிடும். சாய வேண்டும், அவ்வளவுதான். ஹார்டியின் சின்னத் தொப்பியும் கழுத்துப் பட்டையை விரலால் ஆட்டும் நளினமும் அந்த ராஜ வேஷம். லாரல் தலையைச் சொறிவது அந்த ஆமாம். குக்கூ மெட்டு ராஜாவையும் கட்டியக்காரனையும் ஒரே நேரத்தில், ஒரே வரவுப் பாட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. கூத்தில் இருவருக்கும் வரவு தனித்தனி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் நம்மைத் தாண்டினார்கள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மெட்டு சிரிப்பதில்லை. யோசித்துப் பாருங்கள், அதில் கேலி ஒலி ஒன்றும் கிடையாது. ஸ்பிரிங் தெறிக்கிற சத்தம், பலூன் காற்றுப் போகிற சத்தம், 'இதோ சிரிக்கிற இடம் வருகிறது' என்று முழங்கையால் இடிக்கிற சத்தம், எதுவும் இல்லை. தன்னை மிகவும் கௌரவமான அணிவகுப்பு இசை என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. அந்தக் கௌரவத்துக்குத்தான் நாம் சிரிக்கிறோம்.

படத்துக்குள் வருகிற பின்னணி இசையும் அப்படியே. அதில் பெரும்பகுதி ஹாட்லி போட்டது அல்ல, லீராய் ஷீல்ட் என்பவருடையது. அந்தந்தக் காட்சிக்கென்று எழுதாமல் சின்னச் சின்ன மெட்டுகளாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, படத்துக்குப் படம் எடுத்துப் பயன்படுத்தினார்கள். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். ஆனால் அந்தச் சிக்கனம் ஒரு அழகாகிவிட்டது. திரையில் ஆள் ஏணியிலிருந்து விழுகிறான், இசை விழுவதில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி அது தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். கார்ட்டூன் படங்களில் பூனை ஒரு படி இறங்கினால் வாத்தியமும் ஒரு படி இறங்கும். அது ஒரு வித்தைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நமக்கு வேலை இல்லை, எல்லாம் இசையே செய்துவிடுகிறது. இங்கே உலகத்துக்கு இவர்கள் அவஸ்தை தெரியவே தெரியாது என்கிற மாதிரி இசை நடக்கிறது. வாழ்க்கையும் அப்படித்தானே இருக்கிறது. நமக்கு முதுகு பிடித்துக்கொண்ட அன்றைக்குத்தான் எதிர்வீட்டில் மேளம் கொட்டும்.

வியாபாரிகள் எல்லோரும் 1935-இல் வந்த இவர்களுடைய 'டிட் ஃபார் டாட்' என்ற குறும்படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இருவரும் புதிதாக மின்சாமான் கடை வைப்பார்கள். பக்கத்தில் மளிகைக் கடை. சின்ன மனத்தாங்கல் ஒன்று வந்து, இவர்கள் போய் அந்தக் கடையில் ஒன்றை நாசம் செய்வார்கள். அவர் நின்று பார்ப்பார். பிறகு அவர் வந்து இங்கே ஒன்றை நாசம் செய்வார். இவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருவர் முறை முடிந்துதான் அடுத்தவர் முறை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கிற ஒழுங்கு. இதற்கிடையில் ஒரு ஆசாமி வந்து ஆளில்லாத கடையிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு, எதிர்ப்படுகிற முதலாளிகளுக்கு மரியாதையாக வணக்கமும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். கடைசியில் வண்டி வைத்து ஏற்றுவான். வழக்கு நடத்தியே கடையை இழந்த எத்தனை பேரை நான் இந்தத் தில்லியில் பார்த்திருக்கிறேன்! அந்தப் பொறுமை, அந்த நிதானம், அந்த முறை மாறாத அழிவு, இதெல்லாம் குக்கூ மெட்டிலேயே இருக்கிறது. மேல் மெட்டு ஒரு அடி வைக்கிறது, கீழே குக்-கூ. மறுபடி ஒரு அடி, மறுபடி குக்-கூ.

எங்கள் சமயத்தில் மனத்தாலும் ஹிம்சை கூடாது என்பார்கள். இத்தனை உடைப்பையும் அடியையும் பார்த்து நான் சிரிக்கலாமா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இவர்களிடம் கோபம் உண்டு, வன்மம் கிடையாது. அடுத்த படத்தில் அதே மெட்டு வரும், இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்பார்கள். அந்த மெட்டு பழைய கணக்கைத் தீர்த்துப் புதுப் பேரேடு போடுகிறது. அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் திருப்தி ஆனாரோ என்னவோ.

சரி, நம் தமிழ்ப் படங்களில் இப்படி ஒரு மெட்டு ஏன் இல்லை? இரட்டையர்களுக்கா பஞ்சம்? 1936-இல் 'சதி லீலாவதி'யில் வந்த என்.எஸ். கிருஷ்ணனும் அவரோடு சேர்ந்த டி.ஏ. மதுரமும் தமிழ்நாடே கொண்டாடிய ஜோடி. 1941-இல் ஏ.வி. மெய்யப்ப செட்டியார் எடுத்த 'சபாபதி', பம்மல் சம்பந்த முதலியார் நாடகம். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானனாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். பேதைமையும் மடனும் ஒரே பெயரில் ஒரே வீட்டில்! லாரல் ஹார்டிக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உறவு இந்த இரண்டு சபாபதிகள்தான். ஆனால் அவர்களைச் சொன்னால் வசனம் ஞாபகம் வருகிறது, முகம் ஞாபகம் வருகிறது. மெட்டு எதுவும் வருவதில்லை.

காரணம், நம் சினிமாவில் பாட்டு காட்சிக்குச் சொந்தம், ஆளுக்குச் சொந்தம் அல்ல. என்.எஸ்.கே. படத்துக்குப் படம் புதுப் பாட்டுப் பாடுவார். அதில் அற்புதங்கள் உண்டு. 1949-இல் வந்த 'நல்ல தம்பி'யில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர அமைப்பை அப்படியே வாங்கி, படிக்கப் போகிற பையனின் கதையை அதில் ஏற்றினார். அங்கேயும் என்.எஸ்.கே. இசையைக் கேலி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாகவதர் முறைப்படி பாகவதர், பின்பாட்டு முறைப்படி பின்பாட்டு. முறை சுத்தமாக இருப்பதால்தான் அதற்குள் ரயிலும் பள்ளிக்கூடமும் நுழையும்போது சிரிப்பு வருகிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் ஊறியவர் அவர். முன்னால் பாடுகிறவருக்கு 'ஆமா' போடுகிற துணைக் குரலின் பலம் அவருக்குத் தெரியும். ஹாட்லி இரண்டு கிளாரினெட்டில் செய்ததை இவர் இரண்டு குரலில் செய்தார். ஆனால் அது அந்தப் படத்தோடு சரி. அடுத்த படத்து வாசலில் வந்து அவருக்காகக் காத்திருக்கவில்லை.

1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் அவர் பாடிய சிரிப்புப் பாட்டைச் சொல்லி, 'நீர் சொல்கிற விதி அங்கே அடிபடுகிறதே, அவரே சிரிக்கிறாரே' என்று யாராவது கேட்கலாம். அங்கே பாடுபொருளே சிரிப்பு. வகை வகையாகச் சிரித்துக் காட்டுவதே வித்தை. ராகம் பாடிக் காட்டுகிற மாதிரிச் சிரிப்பைப் பாடிக் காட்டுகிறார். அது தனி வழக்கு.

பிற்காலத்தில் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியில் பின்னணி ஒலியை எல்லாம் தன் வாயாலேயே செய்துவிட்டார். பாலையாவின் முகம் கீழ்க் கிளாரினெட். கவுண்டமணி செந்தில் ஜோடி எத்தனையோ படம் செய்தார்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் செந்தில் காட்டுவது தொல்காப்பியர் சொன்ன மடன், அட்சரம் பிசகாமல். அந்த ஜோடிக்கு ஒரு வரவு மெட்டு இருந்து, படத்துக்குப் படம் அது கூடவே வந்திருந்தால்? கிராமத்துக் குழந்தைகள் இன்றைக்கும் அதைச் சீட்டியடித்துக்கொண்டிருப்பார்கள். கூத்தில் வரவுப் பாட்டை வைத்திருந்த நாம் சினிமாவுக்கு வந்ததும் அதைக் கதாநாயகனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இன்றைய தொலைக்காட்சிச் சிரிப்பு நிகழ்ச்சிகளில் நடப்பதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவர் வாயைத் திறப்பதற்குள் ஐந்து வகைச் சத்தம். சிரிக்க வேண்டிய இடத்தை எனக்குக் காட்ட வேண்டாம் ஐயா, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

மெட்டு நிலைக்கிறது, போட்டவன் பெயர் நிலைப்பதில்லை என்ற குறையும் உண்டு. ஆல் இந்தியா ரேடியோவின் அதிகாலை மெட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும். அதைப் போட்டவர், நாஜிகளுக்கு அஞ்சி ஐரோப்பாவிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஹாட்லிக்கு ஆஸ்கர் பரிந்துரை மூன்று தடவை வந்தது. அதில் ஒன்று 1937-இல் வந்த 'வே அவுட் வெஸ்ட்' படத்து இசைக்காக. பரிசு வரவில்லை. பிற்காலத்தில் விடுதிகளில் பியானோ வாசித்து வந்தார். 1986-இல் காலமானார். ஷீல்டின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான படங்களில் அவர் பெயரே போடவில்லை. 1963-இல் ஹால் ரோச் படப்பிடிப்பு நிலையத்தையே இடித்துவிட்டார்கள். இசை எழுதிய தாள்களும் கிடைக்கவில்லை.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. நெதர்லாந்து நாட்டில் கெர்ட்-யான் ப்ளோம் என்பவர் தலைமையில் சில இசைக்காரர்கள் சேர்ந்து, லாரல் ஹார்டி படம் ஒன்றின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டு, பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பேச்சுக்கும் உடைகிற சத்தத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த இசையைக் காதால் பிரித்து, வாத்தியம் வாத்தியமாக எழுதி, 1992-இல் இசைத்தட்டாகவே கொண்டுவந்தார்கள். எழுபது வயது எண்பது வயதுக் கூத்து வாத்தியார்கள் இன்றும் நம் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வேஷத்துக்கும் உள்ள வரவு மெட்டு அவர்கள் தொண்டையில்தான் இருக்கிறது, தாளில் இல்லை. நம் முதல் பேசும் படமான 'காளிதா'ஸின் பிரதியைத்தான் தொலைத்துவிட்டோம். இதையாவது செல்போனை நீட்டிப் பதிவு செய்து வைக்க, விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நம் பிள்ளைகளில் நாலு பேருக்கு முடியாதா? கட்டியக்காரன் வரவு மெட்டு மட்டும் எத்தனை விதம் என்று யாராவது எண்ணிச் சொன்னால் வண்டிச் செலவை நான் தருகிறேன்.

குக்கூ மெட்டின் சரித்திரத்தில் இன்னும் ஒரு சம்பவம் பாக்கி. 1953 செப்டம்பர் 9. லாரலும் ஹார்டியும் கப்பலில் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அவர்கள் காலம் முடிந்துவிட்டது என்று ஹாலிவுட்டே முடிவு கட்டியிருந்தது. ஹார்டிக்கு உடம்பும் சரியில்லை. தங்களை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று இறங்கியவர்களைப் பார்க்கத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம். குன்றின் மேல் இருக்கும் புனித கோல்மன் பேராலயத்தின் மணிகள் ஒலிக்க ஆரம்பித்தன. ஒலித்தது தேவாலய கீதம் அல்ல, குக்கூ மெட்டு. ஹார்டி தன்னைத் திரும்பிப் பார்த்ததையும், இருவரும் அழுததையும் லாரல் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

மணி நேரம் சொல்வதற்காகக் கட்டிய மெட்டு, கடைசியில் மணிக் கூண்டிலேயே போய் ஏறியது. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கோபுரத்து மணி வார்ப்பில் சுருதி சேர்த்தது. லாரலுடைய சுரத்துக்கு வேண்டிய அந்தச் சின்ன விலகலை வெண்கல மணியில் வாசிக்க வழியில்லை. அன்றைக்குக் கோவில் அந்த இரண்டு சுரமும் சுத்தமாகவே ஒலித்திருக்க வேண்டும்.